பழம் பழுத்த நாளில் ஆள் இல்லை

2024 மார்ச்சில் ஒரு புதன்கிழமை சாயங்காலம், நாலு பெட்டி ஸ்ட்ராபெரியைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் மாட்டுக்குக் கொட்டினேன். கிட்டத்தட்ட முப்பது கிலோ. மாடு முதல் பெட்டியை ஆசையாகத் தின்றது, இரண்டாவதை யோசித்து யோசித்துத் தின்றது, மூன்றாவதற்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. மிச்சத்தைக் குழி வெட்டி மூடினேன். ஏழு வாரம் கழித்து, அதே பாத்திக்கு முன்னால் நின்றுகொண்டு, திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் "பழம் இல்லீங்க, எல்லாம் காய்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்த வீட்டுச் சின்னப் பெண் கையில் கூடையோடு வந்திருந்தாள். வீட்டிலிருந்தே எடுத்து வந்த கூடை.

மாட்டுக்குக் கொட்டிய சாயங்காலத்துக்கும் அந்தக் கூடைக்கும் நடுவில்தான் என் மூன்று லட்ச ரூபாய் போனது. மலையில் "நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பழத்தோட்டம் போட நினைக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் பதினொரு வருஷம் கணக்கு எழுதியவன். விடியற்காலை நாலு மணிக்குத் தக்காளியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, வண்டி வாடகைக்குக் கைக்காசைக் கொடுத்துவிட்டுப் போன ஆட்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த கை இது. அந்த வெறுப்பு உள்ளேயே இருந்தது. தாத்தா நிலம் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகிற பக்கம், ஒரு ஏக்கர் பத்து சென்ட் கிடந்தது. பூண்டும் உருளைக்கிழங்கும் போடக் குத்தகைக்கு விட்டிருந்தோம். சனி, ஞாயிறு ஆனால் மன்னவனூர் ஏரிக்குப் போகிற கார்கள் அந்த வழியாகத்தான் வரிசை கட்டிப் போகும். சாலையோரத்தில் சின்ன டப்பாவில் ஸ்ட்ராபெரி விற்பார்கள், எல்லோரும் நின்று வாங்குவார்கள். ஒருநாள் மண்டிச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 6,000 செடி, செடிக்கு 300 கிராம், கிலோ 400 ரூபாய், மொத்தம் ஏழு லட்சத்து இருபதாயிரம். பறிப்புக் கூலி இல்லை, லாரி இல்லை, கமிஷன் இல்லை. வருகிறவனே பறித்துக்கொண்டு காசும் கொடுத்துவிட்டுப் போவான். அந்தச் சீட்டு இன்னமும் பர்ஸில் இருக்கிறது. அந்தப் பெருக்கலில் ஒரு எண் கூடத் தப்பில்லை. வருகிறவன் எந்தத் தேதியில் வருவான் என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

2023 ஜூனில் வேலையை விட்டேன். மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக ஒட்டன்சத்திரத்திலேயே இருந்தார்கள். நான் மட்டும் மேலே ஒரு தகர ஷெட்டில். முதல் அடி அங்கேயே விழுந்தது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு நூறு சதவீத மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75. ஆனால் சிறு விவசாயி என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும், அதற்குப் பட்டா நம் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் பட்டா தாத்தா பெயரிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. வாரிசுச் சான்று, அத்தைகளின் கையெழுத்து, அப்புறம் பெயர் மாற்றம் என்று அலைந்து முடிப்பதற்குள் நடவு வந்துவிடும் என்று பயந்து, சொந்தக் காசில் 28,000 ரூபாய்க்குக் குழாய் வாங்கிப் போட்டேன். நாம் முந்திக்கொண்டு போட்ட குழாய்க்கு மானியம் கேட்க முடியாது. முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் குழாய். நிலத்தில் கால் வைப்பதற்கு ஆறு மாதம் முன்னால் பட்டாவைச் சரிசெய்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். கேட்கிறவர்கள் எல்லோரும் என்ன ரகம் நடலாம் என்றுதான் கேட்கிறார்கள், பட்டா யார் பெயரில் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

நாற்று மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வர் பக்கத்திலிருந்து வரவழைத்தேன். அங்கே ரன்னர் என்பார்கள், தாய்ச்செடியிலிருந்து கொடி ஓடி வேர் விடுகிற குட்டிச்செடி. 6,000 செடி, வண்டி வாடகையோடு ஒன்று பதினொரு ரூபாய், 66,000. மண் இல்லாமல் மொட்டை வேரோடு அட்டைப்பெட்டியில் நாலு நாள் பயணம். பெட்டியைப் பிரித்தபோது உள்ளேயிருந்து புளித்த கீரை வாசம் வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நட்டேன், என்ன செய்ய? கூலிக்கு வந்தவர்களுக்குப் பூண்டு ஊன்றிப் பழக்கம், அதனால் குருத்தை மண்ணுக்குள் அழுத்திவிட்டார்கள். ஸ்ட்ராபெரியில் அந்தக் குருத்து மண் மட்டத்தில் சரியாக உட்கார வேண்டும். உள்ளே போனால் அழுகும், வெளியே நின்றால் காயும். முதல் நூறு செடியை நானே நட்டுக் காட்டியிருக்க வேண்டும். நான் அன்றைக்கு மதியம் வரை பெயர்ப்பலகைக்காரனோடு போனில் எழுத்துரு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் 900 செடி போனது. அனுப்பியவரைக் கூப்பிட்டேன், "உங்க ஊர் மழை" என்றார். பில் இல்லாமல் வாங்கியிருந்தேன், மண்டியில் வேலை பார்த்த நானே. இப்போது மலையிலேயே ட்ரேயில் வளர்த்த நாற்றுத்தான் வாங்குகிறேன். விலை கொஞ்சம் கூட, ஆனால் வேரோடு மண் இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்து எடுக்கலாம்.

டிசம்பரில் பூ வந்தது. ஸ்ட்ராபெரிப் பூவை அதற்குமுன் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. அஞ்சு வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். அந்தக் குமிழ்தான் பிறகு பழமாகிறது. தினமும் காலையில் காபி டம்ளரோடு பாத்தி பாத்தியாக நடப்பேன். ஜனவரியில் ஒருநாள் விடிந்தபோது பள்ளத்துப் பாத்திகள் மட்டும் உப்புத் தூவியது போலக் கிடந்தன. உறைபனி. வெயில் ஏறியதும் எல்லாம் பழையபடி பச்சையாகிவிட்டது, பூவும் வெள்ளையாகத்தான் இருந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த அக்கா ஒரு பூவைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "நடுவுல பாருங்க தம்பி" என்றார். மஞ்சள் குமிழ் கறுத்து, கண்மை வைத்தது போல் இருந்தது. அந்தப் பூ இனிக் காய்க்காது. எட்டு சென்ட் பள்ளத்தில் இருந்த பூ முழுக்க அப்படி. குளிரில் பூ பழமாக ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும், ஆக ஒரே ராத்திரியில் ஒன்றரை மாதம் போனது. கனமான குளிர்காற்று தண்ணீர் மாதிரிதான், பள்ளத்தைத் தேடிப்போய்த் தேங்கும். தாத்தா அந்தப் பள்ளத்தில் ஏன் எதுவும் போடாமல் மாட்டுக்குப் புல் விட்டிருந்தார் என்பது அன்றைக்குப் புரிந்தது. நிலத்தில் எந்த மூலை சும்மா கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் பாத்தி போடுங்கள். நான் இப்போது பள்ளத்தில் வண்டி நிறுத்துகிறேன்.

காட்டுமாட்டுக்கு 65,000 ரூபாயில் சோலார் வேலி. அது வேலை செய்கிறது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. கொண்டைக்குருவிகள் மட்டும் வேலியை மதிக்கவில்லை. ஒவ்வொரு பழத்திலும் ஒரு பக்கம் மட்டும் கொத்தி ருசி பார்க்கும், முழுசாகத் தின்றாலாவது மனசு ஆறும்.

ஜனவரி கடைசி சனிக்கிழமை திறந்தேன். நுழைய இலவசம், பறித்ததை எடை போட்டு கிலோ 400. முதல் நாளே திண்டுக்கல்லிலிருந்து ஒரு வேன், பதினாலு பேர். ஒரு மணி நேரம் தோட்டம் முழுக்கச் சிரிப்பும் சத்தமும். எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது, இதற்காகத்தானே என்று. கடைசியில் தராசில் வைத்தது முக்கால் கிலோ, 300 ரூபாய். வயிற்றுக்குள் போனது இரண்டு கிலோவுக்குக் குறையாது. பாதிப் பேர் காயைப் பறித்துக் கடித்துவிட்டுத் துப்பியிருந்தார்கள். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று நினைத்து அரைவெள்ளைக் காயாகப் பறித்து எடுத்துப்போனவர்களும் உண்டு. அவர்கள் ஊருக்குப் போய் "புளிப்புப் பழம்" என்று சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அக்கா பாத்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, இவுக பழம் பறிக்க வரல. போட்டோ பறிக்க வந்திருக்காக."

சரிதான். அப்புறம் இரண்டு வாரம் யோசித்து முறையை மாற்றினேன். ஆளுக்கு 100 ரூபாய் நுழைவு, அதற்கு கால் கிலோ பிடிக்கிற ஒரு கூடை. கூடை நிறையப் பறித்துக்கொள்ளலாம், அதற்குமேல் பறித்தால் தனிக்காசு. ஐந்து வயதுக்குக் கீழே காசில்லை. பறிக்கும்போது நாலு பழம் வாயில் போட்டால் நான் பார்க்க மாட்டேன். விலை ஒன்றேதான், ஆனால் காசை முதலில் கொடுத்தவன் நடந்துகொள்கிற விதமே வேறு. கூடையைப் பழத்தால் நிரப்பத்தான் பார்க்கிறான், காயை நாசம் பண்ணுவதில்லை. உள்ளே விடுவதற்கு முன் ஒரு செடி பக்கத்தில் எல்லோரையும் நிற்க வைத்து இரண்டு நிமிஷம் சொல்லித் தருகிறேன். பழத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். பழத்துக்கு அரை அங்குலம் மேலே காம்பை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் பிடித்து, லேசாகத் திருகிக் கிள்ளுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பழத்தின் தலையில் இருக்கிற பச்சைத் தொப்பி பழத்தோடு வர வேண்டும். தொப்பி ஓரம் வரை சிவந்ததைத்தான் கிள்ள வேண்டும். பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள், அப்பாக்களைத் திருத்துவதும் அவர்கள்தான்.

பாத்திக்கு நடுவில் ஒரு அடி வழி விட்டிருந்தேன். கூலிக்காரப் பெண்களுக்கு அது தாராளம். சேலையும் ஷூவும் கைக்குழந்தையும் செல்போனுமாக வருகிற குடும்பத்துக்கு மூன்றடி வேண்டும். ஒரு அடி வழியில் நடந்தவர்கள் பாத்தி மேலேயே நடந்தார்கள், பாத்தியை மூடியிருந்த மல்ச்சிங் ஷீட் கிழிந்தது, அடியில் சொட்டுநீர்க் குழாய் நசுங்கியது. செடி எண்ணிக்கையில் பேராசைப்பட்டு வழியைச் சுருக்காதீர்கள். கழிப்பறையையும் நான் கடைசியில்தான் கட்டினேன், அதுவும் ஒன்றே ஒன்று. கொடைக்கானலிலிருந்து வளைவு வளைவாக வந்து இறங்குகிற பெண்கள் முதலில் கேட்பது பழத்தை அல்ல. தண்ணீர் வராத அந்தக் கழிப்பறைக்காக ஒரு அம்மா என்னைத் திட்டிய திட்டு நியாயமானது. வண்டி நிறுத்த இடம் இல்லாமல், திரும்புகிற ஒரு வேன் அடுத்த தோட்டத்துப் பூண்டுப் பாத்தியில் ஏறி இறங்கியது. அந்த அண்ணன் மூன்றாயிரம் கேட்டார், கொடுத்தேன். பணத்தைவிட, ஒரு மாதம் அவர் என்னோடு பேசாததுதான் கஷ்டமாக இருந்தது. அந்த உயரத்தில் ராத்திரி ஒரு தலைவலி என்றாலும் அவர் வீட்டு விளக்குத்தான் எனக்குத் தெரிகிற ஒரே விளக்கு. தோட்டம் திறப்பதற்கு முன் நாலு பக்கத்துக்காரர்களிடமும் போய், "இப்படி ஆள் வருவார்கள், உங்களுக்கு என்ன தொந்தரவு" என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது அவர் வீட்டுப் பூண்டு என் ஷெட்டில் தொங்குகிறது, வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கேட்டு வாங்குகிறார்கள்.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாத மூட்டம். பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் பூசணம். மருந்துக் கடையில் கொடுத்ததை வெள்ளிக்கிழமை அடித்துவிட்டேன். அடித்து முடித்துவிட்டு பாட்டிலின் லேபிளைப் படிக்கிறேன், இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று இருக்கிறது. மறுநாள் சனிக்கிழமை. மண்டிக்குப் போகிற பழம் என்றாலும் அது தப்புத்தான்; ஆனால் என் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தை செடியிலிருந்து நேராக வாயில் போடுகிறது. இரண்டு வாரக் கடைசியைப் பூட்டினேன். போனது சுமார் இருபதாயிரம். மருந்துக் கடைக்காரர் "ஒண்ணும் ஆகாதுங்க" என்றுதான் சொன்னார், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கேட்கவில்லை, அதில் இன்றும் நிம்மதி. அதற்குப் பிறகு தோட்டத்தை மூன்று பங்காகக் கயிறு கட்டிப் பிரித்தேன். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பங்கில், திங்கட்கிழமையில், பலகை வைத்து, லேபிள் சொல்கிற நாள் முடியும்வரை அந்தப் பக்கம் கயிறு. பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பூசணத்துக்கு மருந்தைவிடப் பெரிய வைத்தியம், அழுகியதையும் அளவுக்கு மீறிப் பழுத்ததையும் ஒன்றுவிட்டு ஒருநாள் பொறுக்கி எடுப்பது. இங்கேதான் என் மண்டிச் சீட்டுக் கணக்கு உடைந்தது. வருகிறவர்கள் அழகான பழத்தை மட்டும்தான் பறிப்பார்கள். இலைக்கு அடியில் ஒளிந்ததும், குருவி கொத்தியதும், கோணல்மாணலும் செடியிலேயே அழுகும், பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். அதைப் பொறுக்க ஆள் வேண்டும். இரண்டு பெண்கள், நாள் கூலி 450. பறிப்புக் கூலி மிச்சம் என்று எழுதினேனே, அது வேறு பெயரில் திரும்பி வந்தது, ஒரு லட்சத்து இருபதாயிரமாக.

இனி அந்த மார்ச். செடிகள் நன்றாகப் பிடித்து, பகலில் வெயில், ராத்திரியில் குளிர் என்று பருவம் கூடிவந்து, தோட்டமே சிவந்து கிடந்தது. என் வாழ்க்கையில் நான் விளைவித்த பொருள்களில் அவ்வளவு அழகாக எதுவும் இருந்ததில்லை. ஆள்தான் இல்லை. பிளஸ் டூ பரீட்சை மார்ச் முதல் தேதி ஆரம்பித்தது, பத்தாம் வகுப்பு மார்ச் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் எட்டு வரை, மற்ற வகுப்புகளுக்கும் ஏப்ரலில் முழுப் பரீட்சை. எந்த வீட்டிலும் மலைக்குக் கிளம்புகிற மாதமா அது? என் வீட்டிலேயே பெண் பத்தாம் வகுப்பு. அவள் பரீட்சை அட்டவணை ஷெட் சுவரில் ஒட்டியிருந்தது, அதை நான் தினமும் பார்த்தேன், அதற்கும் என் தோட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாளும் தோன்றவில்லை. பழம் செடியில் இரண்டு நாள் தாங்கும், பறித்தால் இன்னும் இரண்டு மூன்று நாள். கொடைக்கானல் கடைகளுக்குக் கொண்டுபோனேன், எல்லோருக்கும் அப்போது பழம் இருக்கிறது, கிலோ 160க்கு எடுத்தார்கள். மண்டியே வேண்டாம் என்று கிளம்பியவன், தராசுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாட்டுக்குக் கொட்டியது அந்த வாரத்தில்தான். அன்றைக்கு ராத்திரி மனைவி போனில் "பழமெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டாள். "அமோகம்" என்றேன். பொய்யும் இல்லை. ஐந்தரைப் பவுன் நகையை வைத்து நடவுக்குப் பணம் எடுத்திருந்தோம், அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனசு விட்டுச் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே சொல்லியிருப்பாள், பின்னால் சொன்னாள்: "ஜாம் போட்டிருக்கலாமே." தனியாக இருக்கிறவனுக்குப் பெரிய நஷ்டம் இதுதான், பக்கத்தில் கேட்க ஆள் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தோன்றுகிற விஷயம் தோன்றவே தோன்றாது.

ஏப்ரல் கடைசியில்தான் கூட்டம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது காட்டுத்தீ. மேல்மலைப் பக்கம் பல இடத்தில் எரிந்தது, சில நாள் சுற்றுலா வண்டிகளை இந்தப் பக்கம் விடவில்லை. அது அடங்கியது, மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்ற உத்தரவு. பாஸ் இலவசம், ஆன்லைனில் எல்லோருக்கும் கிடைத்தது, ஆனால் முதல் இரண்டு வாரம் அது என்ன ஏது என்று புரியாமல் பலர் பயணத்தையே தள்ளிப்போட்டார்கள். என்னிடம் சொல்லி வைத்திருந்த மூன்று குழு வரவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மலை தாங்குகிற வண்டிக்கு ஓர் அளவு உண்டு, மேல்மலைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நான் சொல்வது, கொடைக்கானலை நம்பித் தொழில் செய்கிறவன் இந்த மாதிரி உத்தரவையும் ஒரு பருவநிலையாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். அதற்குள் வெயில் ஏறி, செடிகள் களைத்து, பழம் சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்துவிட்டது. கூடைப் பெண் வந்தது அப்போதுதான். நுழைவுக் காசு வாங்கவில்லை, ஆனால் அதனால் என்ன?

மொத்தச் செலவு, ஷெட், கழிப்பறை, வேலி, கூலி எல்லாம் சேர்த்து 4,76,000. வந்தவர்கள் 610 பேர், அவர்கள் தந்தது 1,38,000. கடைகளில் 41,000. கையை விட்டுப் போனது 2,97,000. அதில் வேலியும் ஷெட்டும் இன்னும் நிற்கின்றன என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். விளைந்தது 900 கிலோ இருக்கும், அதில் முந்நூறு கிலோ அழுகலுக்கும் குருவிக்கும் மாட்டுக்கும். மண்டிச் சீட்டில் எழுதியதில் பாதிதான் விளைந்தது, ஆனால் அதைக்கூட முழுசாக விற்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்குப் பழம் ஆள் வராத நாளில் பழுத்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் வீட்டில் எல்லோரும் விற்றுவிடு என்றார்கள். மனைவி மட்டும் "பாதி போடுங்க" என்றாள். 18 சென்டில் 3,000 செடி, மேட்டில் மட்டும், மூன்றடி வழி விட்டு. விண்டர் டான் ரகம் ஒரு பங்கு, கமரோசா ரகம் ஒரு பங்கு, ஒரு மாத இடைவெளியில் நடவு. முன்னது சீக்கிரம் வரும், பின்னது கெட்டிப் பழம், கொஞ்சம் தாங்கும். மார்ச்சில் மிஞ்சுவது எல்லாம் ஜாம். அதை மனைவிதான் பார்க்கிறாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டோம், சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு நாங்கள் எடுத்தபோது வருஷத்துக்கு நூறு ரூபாய்தான். அப்புறம், நான் முதல் வருஷம் வெட்டிப்போட நினைத்த எட்டு பிளம்ஸ் மரம், தாத்தா வைத்தது, வேலியோரம் பாசி பிடித்து நின்றது. அது பழுப்பது மேயில், பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்போது. நான் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு ஏணி வாங்கிப் போட்டேன், அதில் பெரியவர்களை மட்டும்தான் ஏற விட்டேன். 27,000 ரூபாய் வந்தது. லட்சக்கணக்கில் கொட்டிய பயிர் மார்ச்சில் பழுக்கிறது, காலணா செலவழிக்காத மரம் சரியாக லீவுக்குப் பழுக்கிறது. தாத்தா சிரித்திருப்பார்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். சனிக்கிழமை பாஸ் கிடைக்காதவர்கள் செவ்வாய், புதனில் வர ஆரம்பித்தார்கள். எனக்கு அது ஒரு வகையில் நல்லதாகப் போனது; வார நாளில் வந்தால் கூடை 80 என்று பலகை வைத்தேன். ஜிபேயை மட்டும் நம்பி இருக்காதீர்கள், எங்கள் சரிவில் சிக்னல் ஒரு பாறை மேல்தான் வரும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி வந்து நாளைக்கு எத்தனை கூடை தேறும் என்று எண்ணி, வாட்ஸாப்பில் போட்டுவிடுகிறேன். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஆளைச் சேர்ப்பதில்லை. என் கூலியைக் கணக்கில் வைக்காவிட்டால் இரண்டாம் வருஷம் 38,000 நின்றது. கூலியை வைத்தால் நிற்காது. நகை இன்னும் மீளவில்லை, இரண்டு வளையல் மட்டும் வந்திருக்கிறது.

போன வாரம் மதுரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், ஆறு பேர், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று. வெள்ளியும் சனியும் நிரம்பியிருந்தது, ஞாயிறு செடியில் காய்தான் இருக்கும். "ஞாயிறு வராதீங்க சார், செவ்வாய்க்கிழமை வாங்க" என்றேன்.

"செவ்வாய் லீவு கிடைக்காதேங்க."

"அப்ப அடுத்த சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு எழுதிக்கவா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கத்தில் யாரிடமோ கேட்டார். "எட்டு மணிக்குப் பனியா இருக்குமே?"

"இருக்கும். குழந்தைங்களுக்கு ஸ்வெட்டர் கொண்டு வாங்க."

சரி என்றார். ஆறு கூடை என்று எழுதிக்கொண்டேன்.